பால் போதாது என்றார்கள்

மச்சம் சமைக்கக் கூடாது என்பதுதான் வெள்ளவத்தை வீட்டுக்கார அன்ரி எங்களுக்குப் போட்ட ஒரே நிபந்தனை. அவர்கள் சுத்த சைவம். முன்வீட்டில் அவரும் கணவரும் இருந்தார்கள். பின்பக்கத்தில் ஒரு அறையும் சின்னக் குசினியும் எங்களுக்கு. யுத்த காலத்துக் கொழும்பில் தமிழருக்கு அறை கொடுக்கிறவர் பொலிஸில் போய்ப் பதிய வேண்டும், செக்கிங் வந்தால் கதவைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். அத்தனைக்கும் சம்மதித்த மனுசி மீனை மட்டும் மறுத்ததில் எங்களுக்கு மனக்குறை இருக்கவில்லை. பருப்பும் கத்தரிக்காயுமாகக் காலம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மகள் பிறந்தாள். பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. உதடு, மூக்கு, விரல்கள் எல்லாம் எண்ணிப் பார்த்து வாங்கினது போல இருந்தன. மார்பில் வாயை வைத்தால் டொக், டொக் என்று நாக்குத் தட்டும் சத்தம் கேட்கும். அதைக் கேட்டவர்கள் பிள்ளை நல்லாய் இழுக்கிறாள் என்று சந்தோசப்பட்டார்கள். இழுத்து இழுத்து நெற்றி வியர்த்து, களைத்து அப்படியே நித்திரையாகிவிடுவாள். கொஞ்ச நேரத்தில் வீரிட்டுக்கொண்டு எழும்புவாள். திரும்பவும் மார்பு, திரும்பவும் டொக், டொக். இடையிடையே மூக்கால் பால் வழியும். குழந்தைகள் கக்கும்தானே என்றார் அன்ரி. நாங்களும் துடைத்துவிட்டு அடுத்த முறைக்குத் தயாரானோம்.

கிளினிக்கில் முதல் முறை தராசில் வைத்தபோது எடை ஏறவில்லை. அடுத்த முறை இறங்கியிருந்தது. மருத்துவிச்சி சிங்களத்தில் என்னிடம் சொன்னார்: தாய்க்குப் பால் போதாது, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள். மனைவிக்குச் சிங்களம் தெரியாது. அதை அவளுக்குத் தமிழில் நான்தான் சொல்லவேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பஸ் யன்னலில் தலையைச் சாய்த்தபடி இருந்தாள். மடியில் பிள்ளையின் கால் ஒன்று துணிக்கு வெளியே வந்திருந்தது. கணுக்காலில் தோல் மடிந்து தொங்கியது.

யாழ்ப்பாணத்துப் பாதை அப்போது மூடிக் கிடந்தது. அவளுடைய அம்மா வந்து நிற்க வழியில்லை, என்னுடைய அம்மாவும் அப்படித்தான். ஆகவே பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். என்னைப் பெற்ற ஐயா புகையிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர். படிக்கிற பிள்ளை என்று என்னை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை. அதனால் கந்தோரில் இங்கிலீஷில் குறிப்பு எழுதத் தெரிந்த எனக்கு அரிசி களையத் தெரியாமல் இருந்தது.

எல்லோரும் எனக்குச் சொல்லித் தந்தார்கள். உள்ளிப்பூண்டைப் பாலில் அவித்துக் கொடு, முருங்கையிலை வறை கொடு, மல்லியும் மிளகும் சீரகமும் வறுத்து அரைத்துச் சரக்குக் கறி வை. மிளகாயைக் கண்ணிலும் காட்டாதே, பிள்ளைக்கு வயிறு எரியும். கடைசியில் எல்லோரும் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: பால்சுறா. அந்தச் சின்னச் சுறாவை அவித்து உதிர்த்து வறுத்துக் கொடுத்தால் கல்லிலும் பால் சுரக்குமாம். அன்ரிகூட அதைத்தான் சொன்னார், சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என்னோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர் கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். விசயத்தைக் கேட்டதும், எங்கட வீட்டுக் குசினியில சமைத்துக்கொண்டு போங்க என்றார். வேலை முடிய அவரோடு பஸ் ஏறுவேன். அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா காலையிலேயே சுறா வாங்கி வைத்திருப்பார். முதல்நாள் நான் பயத்தில் அதைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தேன்.

“தம்பி, மீனைக் கழுவுறீங்களா, ஞானஸ்நானம் குடுக்கிறீங்களா?” என்றார் அக்கா.

சிரித்தேன். நெடுநாளைக்குப் பிறகு சிரித்தது அங்கேதான். அவித்த சுறாவின் மேல்தோல் மணல் கடதாசி போல உரிந்து வரும். சதையை உதிர்த்துப் பிழிந்து, உள்ளியும் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சரக்குத் தூளும் போட்டு நல்லெண்ணெயில் பிரட்ட வேண்டும். டிபன் கரியரில் போட்டுக்கொண்டு கொழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவேன். வழியில் சோதனைச் சாவடிகளில் எல்லோரையும் இறக்குவார்கள். கரியரைத் திறக்கச் சொல்வார்கள். ஒருநாள் ஒரு ஆமிக்காரன் குனிந்து மணந்து, மோராவா என்று சிங்களத்தில் கேட்டான். சுறாதான் என்றேன். என்னையே ஒரு வாய் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுக் காட்டினேன். மனைவிக்கு எடுத்துவைத்ததில் ஒரு வாய் அது.

வீட்டில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு. ஆனால் சுறாவின் மணத்துக்குக் கதவு தெரியாது. சில நாட்களில் அன்ரி என்னைக் கிணற்றடியில் மறித்தார். அறை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“தம்பி, அந்த முன் யன்னல் எங்கட சாமியறைப் பக்கம்,” என்றார். “பின் யன்னலைத் திறந்து வைச்சுச் சாப்பிடுங்கோ.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை. மச்சம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவுமில்லை.

பிரச்சினை, சாப்பிட வேண்டியவளுக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது எந்தத் தாய் உட்கார்ந்து புட்டைப் பிசைவாள்? நான் கோப்பையோடு அவள் பின்னால் திரிந்தேன். கொஞ்சம் சாப்பிடும், இந்த ஒரு வாய், பிள்ளைக்காக. பிள்ளைக்காக என்று சொன்னால் வாயைத் திறப்பாள். மருந்து போல விழுங்கிவிட்டு மிச்சத்தைத் தள்ளிவைப்பாள். அதை நான் தின்றேன், வீணாக்க மனமில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எடை ஏறினவன் நான் ஒருவன்தான். கொட்டாஞ்சேனைக்காரர் என் சட்டைப் பொத்தானைப் பார்த்து, பிள்ளை பெத்தது ஆர், நீங்களா அவவா என்று கந்தோரில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

அப்படியிருந்தும் பால் கூடியது. சட்டை நனைந்தது, மார்பு கல்லாய் இறுகி நொந்தது. மனைவி ஒருநாள் வலி தாங்காமல் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் பீய்ச்சினாள். தம்ளர் பாதிக்கு மேல் நிறைந்தது. நாங்கள் இருவரும் அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்தில் சேலையில் கட்டிய ஏணைக்குள் பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருந்தாள். இவ்வளவு பால் இங்கே இருக்க, அவள் ஏன் அங்கே காய்ந்துபோகிறாள்? கேள்வி அத்தனை வெளிச்சமாக எங்கள் முன்னால் நின்றது. ஆனால் எங்களுக்கு வந்த பதில் வேறு.

“தண்ணிப் பால் போல,” என்றாள் அவள். “எங்கட அம்மா சொல்லுறவ, சத்தில்லாட்டி தண்ணியாத்தான் வருமெண்டு.”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம் பாரித்தது போலத்தான் தெரிந்தது. அடுத்தநாள் கொட்டாஞ்சேனையில் உள்ளியை இரட்டிப்பாகப் போட்டேன். மாப்பாலும் வாங்கினேன். ரின்னில் மூன்று மொழியிலும் எழுதியிருந்ததை வாசித்து, சொன்னபடி போத்தலைக் கொதிக்கவைத்து, சொன்ன அளவில் கரைத்தேன். அச்சில் வந்தது பிழைக்காது என்ற நம்பிக்கை அப்போது எனக்கு இருந்தது. அதுவும் மூக்கால் வந்தது. பிள்ளையின் அழுகை மெதுவாகிக்கொண்டு போனது. அதுதான் எனக்குப் பெரிய பயம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளை இப்போது அமைதி என்றார்கள். மனைவி இரவும் பகலும் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை என்னைப் பார்க்காமலே கேட்டாள், வேற ஒருத்திக்குப் பிறந்திருந்தால் இவள் இப்ப கொழுத்திருப்பாள், என்ன? இல்லை என்று சொல்ல நான் பிந்திவிட்டேன்.

அது மின்வெட்டுக் காலம். ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் ஊரே இருட்டாக இருக்கையில் செக்கிங் வந்தது. இரண்டு பொலிஸ்காரரும் ஒரு பொலிஸ்காரியும். அன்ரி மெழுகுதிரியோடு பின்னால் வந்து, பதிஞ்ச ஆக்கள்தான், கந்தோரில் வேலை என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆண்கள் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், மெத்தையைத் தூக்கினார்கள், அரிசிப் பானைக்குள் கையை விட்டார்கள். பொலிஸ்காரி ஏணையை விலக்கி உள்ளே டோர்ச் அடித்தாள். முகத்தில் வெளிச்சம் விழுந்ததும் பிள்ளை வாயை அகலத் திறந்து, இருந்த பலமெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

பொலிஸ்காரி டோர்ச்சைத் திருப்பப் போனாள். பக்கத்தில் நின்ற மனைவி என் கையைப் பிடித்தாள்.

“லைட்டை எடுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

எனக்கு விளங்கவில்லை. அப்படியான நேரங்களில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அவர்களிடம் எதையும் கேட்பதில்லை.

“வாய்க்குள்ள ஏதோ இருக்கப்பா. சொல்லுங்கோ அவவுக்கு.”

“மிஸ், டோர்ச் எக்க ஒஹொம அல்லாகென இன்ன,” என்றேன். டோர்ச்சை அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள் என்று. பிள்ளையின் வாயைப் பார்க்க வேண்டும் என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். குனிந்து கிட்டப் பிடித்தாள். மனைவி பிள்ளையின் நாடியை விரலால் கீழே அமர்த்தினாள். நாக்குக்கு மேலே, அண்ணத்தின் பின்பாதி இருக்க வேண்டிய இடத்தில், நடுவால் பிளந்து கிடந்தது. பிளவுக்கு மேலே மூக்கின் உள்ளிருட்டு. அங்கே கொஞ்சம் பால் தேங்கிப் பளபளத்தது.

பொலிஸ்காரி மெதுவாக அனே என்று சிங்களத்தில் இரங்கினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகும் மனைவி பிள்ளையின் வாயை மூடவிடும்வரை வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் போனாள். அன்ரியும் திரியோடு கதவைத் திறந்துவிடப் போனார். நாங்கள் இருட்டில் நின்றோம்.

“என்னில பால் இருந்தது,” என்றாள் மனைவி. “இருந்ததப்பா. முதல்ல இருந்தே இருந்தது.”

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் விளங்கப்படுத்தினார். ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் சோடா இழுத்துப் பாருங்கள், வருமா? இந்தப் பிள்ளையும் அப்படித்தான், எவ்வளவு இழுத்தாலும் காற்றுத்தான் போகும். வெளியே உதடு நன்றாக இருந்தால் ஒருவரும் உள்ளே பார்க்க மாட்டார்கள், இது வழமைதான் என்றார். தைக்கலாம். ஆனால் இப்போது முடியாது, மயக்க மருந்தைத் தாங்க எடை வேண்டும். எடை வர வேண்டுமானால் குடிக்க வேண்டும். அவள் குடிக்க முடியாததற்குத்தானே வந்தோம் என்று கேட்க வாய் வந்தது. அவரே தொடர்ந்தார்: மார்பை விடுங்கள், பாலைப் பீய்ச்சி எடுங்கள், பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, கரண்டியால் கன்னப்பக்கம் துளித்துளியாக விடுங்கள். மூக்கால் வந்தால் நிறுத்துங்கள், துடையுங்கள், திரும்ப விடுங்கள். பொறுமை இருந்தால் பிழைக்கும்.

இருந்தால் என்ற சொல் எங்களோடு பஸ்ஸில் வீடு வரை வந்தது.

முதல்நாள் கொடுத்ததில் முக்கால்வாசி மடியில்தான் விழுந்தது. பிள்ளை திணறி நீலம் பாரித்தாள், மனைவி கரண்டியை வைத்துவிட்டு அவளுடைய முதுகைத் தட்டினாள். ஒருமுறை கொடுத்து முடிய அடுத்த முறைக்கு நேரமாகிவிடும். இடையில் பீய்ச்ச வேண்டும், கரண்டியை அவிக்க வேண்டும். நான் கந்தோருக்கு லீவு சொன்னேன். கொட்டாஞ்சேனைக்குப் போகவில்லை, இரண்டாம் நாள் இரவு அக்கா கணவரிடம் கொடுத்துவிட்ட சுறா வறை சட்டியில் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு கரண்டி போனது. இன்னொன்று போனது. தொண்டையில் விழுங்குகிற சத்தம், டொக் அல்ல, வேறு ஒரு மெல்லிய சத்தம், எங்கள் இருவருக்கும் கேட்டது. மனைவி அடுத்த கரண்டியை நிரப்பினாள். வாய்விட்டுச் சொன்னால் நின்றுவிடும் போல இருந்தது.

மனைவி பிள்ளையின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், பசிக்குது என்றாள்.

நான் எழும்பிப் புட்டையும் வறையையும் போட்டுக் கொண்டுவந்தேன். அவள் மணத்துக்கே முகத்தைத் திருப்பினாள்.

“இது வேண்டாம். சந்திக் கடையில ரொட்டியும் கட்டச் சம்பலும் வாங்கிக்கொண்டு வாங்கோ. நல்ல உறைப்பா.”

“டொக்டரிட்டக் கேக்கேல்லையே. மிளகாய் திண்டால் பிள்ளைக்கு வயிறு...”

“இவ்வளவு நாளும் அவளுக்காகத்தானே திண்டனான். எனக்குப் பசிக்குதப்பா.”

ஓடிப்போய் வாங்கி வந்தேன். ஒரு கையால் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்திருந்தாள், மற்றக் கையில் கரண்டி. ஆகவே நான் பக்கத்தில் குந்தியிருந்து, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டு அவள் வாயில் வைத்தேன். உறைப்பில் அவளுக்குக் கண்ணாலும் மூக்காலும் நீர் ஓடியது. இன்னும் வையுங்கோ என்றாள். அடுத்த வெள்ளி கிளினிக்கில் தராசு என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியாது. பிள்ளையின் மூக்கால் திரும்பவும் கொஞ்சம் பால் வந்தது. கையில் இருந்த துணியால் அவளுடைய மூக்கையும் தாயின் மூக்கையும் மாறி மாறித் துடைத்துவிட்டு, அடுத்த துண்டைப் பிய்த்தேன்.