இடது கால் ஷூ

டென்னிஸ் கோச் வேலையில் சொல்லிக்கொடுப்பது கால் பங்கு, பந்து பொறுக்குவது கால் பங்கு, மீதி அரைப் பங்கு பெற்றோருக்குப் பதில் சொல்வது. பாட்டு, பரதம், கராத்தே, அபாகஸ் என்று எதையாவது சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பையன் அப்படித்தான், ராக்கெட்டைக் கையால்கூடத் தொடாமல், கேரம் போர்டு முன்னால் தானே வளர்ந்துகொண்டிருக்கிறான். ஆம்பூரில் நான் கோச் மேடமாக இருக்கும் இந்த வருடங்களில் நடந்த சிலதைச் சொல்கிறேன்.

டெலிவரி தேதி

எங்கள் கோர்ட் இர்ஃபான் பாயுடையது. ஷூ ஃபேக்டரி வைத்திருக்கிறார். அதன் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் சிமென்ட் தளம் போட்டு, வலை கட்டி, என்னைக் கூப்பிட்டு வேலையும் கொடுத்தார். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. தங்கமான மனிதர், ஆனால் உலகத்தில் எல்லாவற்றையும் ஷிப்மென்ட்டாகத்தான் பார்ப்பார். முதல் வாரமே வந்து நின்று, பிள்ளைகள் அடித்த பந்தெல்லாம் வலையில் போய் மோதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், எத்தினி மாசத்துல ரெடியாகும்?" என்றார்.

சர்வீஸ் ஒழுங்காக விழவே இரண்டு வருடம், மேட்ச் ஆடத் தெரிய இன்னும் இரண்டு வருடம் என்றேன். நடுவில் பிள்ளைகள் திடீரென்று வளர்ந்துவிடுவார்கள், கை கால் நீண்டதும் கற்றதெல்லாம் ஒருமுறை மறந்துபோகும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நாலு வருஷமா? அதுக்குள்ள ஷூ வாங்குற ஃபாரின் பையருங்க எட்டு மாடல் மாத்திடுவாங்க மேடம்."

பாக்ஸுக்குப் போகும் வரை

ஜெயஸ்ரீ ஒன்பது வயதில் வந்தாள். அவளுடைய அம்மா சுமதிக்கு அதே ஃபேக்டரியில் செக்கிங் வேலை. தைத்து ஒட்டி வரும் ஷூக்களை ஜோடி ஜோடியாகத் திருப்பிப் பார்த்து, தையல் விட்டதையும் பசை வழிந்ததையும் ஒதுக்க வேண்டும். டென்னிஸ் ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. ஷிஃப்ட் முடிகிற வரை மகளை எங்கே விடுவது என்று தெரியாமல் என்னிடம் விட்டார்.

அந்தப் பெண்ணின் கால்கள் இருக்கிறதே, பந்து வலையைத் தாண்டுவதற்கு முன்பே அது விழப்போகும் இடத்துக்குப் புறப்பட்டுவிடும். இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. வாய்த்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆறு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள் தாங்க முடியாமல் சுமதியைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ரொம்ப நல்லா வருவா" என்று சொன்னேன். வேறு அம்மாவாக இருந்தால் அன்றைக்கே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டிருப்பார். சுமதி ஃபேக்டரி கோட்டை மடித்துப் பையில் வைத்தபடி சொன்னார்: "லைன்ல எல்லா ஜோடியும் நல்லாத்தான் மேடம் வரும். பாக்ஸுக்குப் போற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

இருமல் வைத்தியம்

மேட்ச் நடக்கும்போது வெளியிலிருந்து யாரும் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. பெற்றோருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. காட்பாடியில் ஒரு போட்டி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அரையிறுதியில் ஜெயஸ்ரீயோடு ஆடிய பெண்ணின் அப்பா கம்பி வேலிக்கு வெளியே நின்று இருமிக்கொண்டே இருந்தார். ஒரு இருமல் என்றால் வலது பக்கம் அடி, இரண்டு என்றால் இடது பக்கம். இது எனக்குப் பிடிபட நாலு கேம் ஆனது. ஜெயஸ்ரீக்கு இரண்டே கேமில் பிடிபட்டுவிட்டது. இருமலைக் கேட்டதும் அந்தப் பக்கம் முன்கூட்டியே போய் நின்றுகொண்டாள்.

அவள் ஜெயித்தாள். மறுநாள் இறுதி ஆட்டத்தையும் ஜெயித்தாள். சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு எங்கள் கோர்ட்டிலிருந்து முதல் முறையாக ஒரு பெயர் போனது. அந்த இருமல் அப்பாவிடம் நடுவர் ரொம்ப மரியாதையாகப் போய், பாக்கெட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்துச் சொன்னார்: "சார், அடுத்த மேட்ச்சுக்கு இருமல் போனப்புறம் வாங்க."

எல்லாரும் இவளைப் பாருங்க

"குதிகாலைத் தூக்கு!" இதுதான் நான் ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துவது. பாதம் முழுக்கத் தரையில் ஊன்றி நிற்கிற பிள்ளை, பந்து போன பிறகுதான் புறப்படும். விரல்களின் மேல் நிற்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் தேய்ந்தது.

மாநிலப் போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஜெயஸ்ரீ திடீரென்று விரல்களின் மேல் நிற்க ஆரம்பித்தாள். இடது குதிகால் தரையில் படவே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. ஆட்டத்தை நிறுத்தி, பதினாறு பிள்ளைகளையும் சுற்றி நிற்கவைத்து, "எல்லாரும் இவளைப் பாருங்க, இப்படித்தான் நிக்கணும்" என்றேன். தினமும் அதையே செய்தேன். ஜெயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அடக்கம் என்று நினைத்தேன். இர்ஃபான் பாயின் மகள் ஆயிஷா, பத்து வயது, என் வகுப்பிலேயே பெரிய வாயாடி, கையைத் தூக்கினாள். பேசாமல் பார் என்று அதட்டினேன். அவள் எதற்கு அடங்கியிருக்கிறாள், அப்போதும் சொன்னாள்: "மேடம், அவ தண்ணி புடிக்கப் போகும்போதும் அப்படித்தான் நடக்கறா."

இரண்டு ஜோடி

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. சனிக்கிழமை மாலை சுமதி வேலை முடிந்து நேராகக் கோர்ட்டுக்கு வந்தார். பையிலிருந்து மகளின் பழைய ஷூவை எடுத்து, அவள் காலில் இருந்ததையும் கழற்றி வாங்கி, பெஞ்சின் மேல் அடிப்பாகம் தெரிகிற மாதிரி கவிழ்த்து வைத்தார். "பழசைப் பாருங்க மேடம், ரெண்டு குதியும் ஒரே மாதிரி தேஞ்சிருக்குது. இதுல வலது குதி மழுங்கிப்போச்சு. இடது குதி கடைல வாங்குன மாதிரியே இருக்குது. ஷூல தப்பில்ல, நான் நல்லா பாத்துட்டேன். கால்லதான் ஏதோ இருக்குது."

அது என் பயிற்சியின் பலன் என்று பெருமையாக ஆரம்பித்தேன். பாதியில் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. பயிற்சியின் பலன் என்றால் இரண்டு குதிகாலிலும் அல்லவா தெரிய வேண்டும்? ஜெயஸ்ரீயைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இடது குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரலால் லேசாக அழுத்தினேன். சத்தம் போடவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாளாக என்றேன். பொங்கலிலிருந்து என்றாள். ஒன்றரை மாதம்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் கோபமாகத்தான் இருந்திருக்கும். அவள் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்கதான மேடம் எல்லாரையும் நிக்கவெச்சி இவளைப் பாருன்னு சொன்னீங்க."

ஃப்ளெக்ஸ்

வேலூரில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வளரும் வயதில் குதிகால் எலும்பு முழுதாகச் சேர்ந்திருக்காது, ஓடி ஓடி அந்த இடம் நோகிறது, ஓய்வு கொடுத்தால் தானாகச் சரியாகிவிடும், கொடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டே போகும் என்றார். நான் கேட்டதை மறைக்க மாட்டேன். "ஒரே ஒரு போட்டி மட்டும் ஆடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். பன்னிரண்டு வயதுப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த மாதம் பிறந்தநாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். டாக்டர் சுமதியின் பக்கம் திரும்பினார். சுமதி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்றதுதான் மேடம்" என்றார். அந்த நிமிடம் எனக்கு இருந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை. ஏனென்றால் ஆடட்டும் என்று நான் சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருப்பார். வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வரும்போதே போட்டி நடத்துபவர்களுக்கு, பெயரை நீக்கச் சொல்லி போனில் எழுதி அனுப்பினேன். ஜெயஸ்ரீ ஆம்பூர் வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கவலை இர்ஃபான் பாய். அவர் ஏற்கெனவே ஃபேக்டரி கேட்டில் ஜெயஸ்ரீயின் படம் போட்டு, 'வெற்றி பெற வாழ்த்துகள்' என்று ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார். பயந்துகொண்டேதான் போய்ச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே எழுந்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொன்னார், கிழியாமல் சுருட்டி ஆபீஸில் வை என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "லேட்டா அனுப்புனா பையர் திட்டுவான், அவ்ளோதான். டேமேஜோட அனுப்புனா அப்புறம் நம்ம மூஞ்சியே பாக்க மாட்டான் மேடம்."

முதல் நாள்

இரண்டு மாதம் ஜெயஸ்ரீ ஆடவில்லை. முதல் மூன்று வாரம் என்னோடு பேசவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் புள்ளி எண்ணினாள். என்னால் அதைப் பார்க்க முடியாமல் பல நாள் முதுகைக் காட்டிக்கொண்டே பயிற்சி கொடுத்தேன். சென்னையில் யார் ஜெயித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அவள் விசாரித்து வைத்திருந்தாள். அந்தப் பெண்ணைக் காட்பாடியில் போன வருடம் இவள் தோற்கடித்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் ஆரம்பிக்கும் முன் வரிசையில் நிற்கவைத்து, யாருக்காவது எங்காவது வலிக்கிறதா என்று கேட்கிறேன். கோர்ட்டைச் சுற்றி ஓடச் சொல்லும் நாளில் பதினாறு பேருக்கும் வலிக்கும், ஆயிஷாவுக்குத் தலைமுடிகூட வலிக்கும். ஜெயஸ்ரீ திரும்பி ஆட வந்த அன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி நின்றாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு வலைப் பக்கம் நடந்தவள், பாதியில் நின்று திரும்பிச் சொன்னாள்: "வலிச்சா சொல்றேன் மேடம். ஆனா நான் சொல்லும்போது நீங்க மூஞ்சிய மாத்தக் கூடாது."

பந்தைப் பார், பந்தை மட்டும் பார் என்று இத்தனை வருடமாக நான் உயிரை விட்டுக் கத்திக்கொண்டிருக்க, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் என் முகத்தைத்தான்.