மூக்கு முதலாளியின் மகள்

தெருவுக்கே அவள் சோப்புக்கார அக்கா. அவளுடைய அப்பாவுக்கோ மூக்கு முதலாளி என்று பேர். அளவுக் குவளையை மனிதர் தொடவே மாட்டார். வாசனை எண்ணெய்களை ஜாடியில் கலந்து, ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து, கண்ணை மூடி மோந்து பார்த்து, "ம், சேர்ந்துடுச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் அது சோப்புக் குழம்பில் இறங்கும். அந்த மூக்கை நம்பித்தான் பட்டறை ஓடியது.

வயதாக ஆக அந்த மூக்கு மங்கியது. அவருக்கே தெரியாமல் மங்கியதுதான் வம்பு. ஒருநாள் எலுமிச்சை எண்ணெயைக் கவிழ்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தணும்" என்றார். பக்கத்தில் நின்ற மகளுக்கு அந்த நெடியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா போன பிறகு அப்பாவின் முகம் மலர்வது அந்தப் புறங்கையை மோந்து பார்க்கும்போது மட்டும்தான். அதில் எப்படி மண்ணள்ளிப் போடுவாள்? அவர் சாப்பிட வீட்டுக்குப் போனதும் ஜாடியை ஓரங்கட்டிவிட்டு, அளவு பார்த்துப் புதிதாகக் கலந்து வைத்தாள். நாளாவட்டத்தில் அதுவே வழக்கமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தம்பி பட்டறைக்கு வந்து சேர்ந்தான். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிற ஆள். முதல் வாரமே ஜாடியை மோந்துவிட்டு, "ரொம்பத் தூக்கலா இருக்குப்பா, தலையே வலிக்குது" என்றான்.

அப்பாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எனக்கே பாடம் எடுக்கிறியா? நீ சொல்லும்மா."

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். "அப்பா கலந்தது சரியாத்தாண்டா இருக்கு" என்றாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் அவள் கலந்த கலவையில் இறுகிய கட்டி ஒன்றை எடுத்து அப்பா அவன் மூக்கருகில் நீட்டினார். "இப்ப மோந்து பாரு." மோந்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நாளில் யாரோ ஒருவருடைய வண்டியை ஓட்டப் போய்விட்டான். "இந்தத் தொழிலுக்கு என் மூக்கு லாயக்கில்லைக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு அவளைப் பல வருஷம் தூங்கவிடவில்லை.

இன்று பட்டறை வாசலில் காகிதப் பொட்டலத்தோடு வந்து நிற்கிறான். வீட்டு அடுப்பில் அவனே காய்ச்சிய சோப்பு. "லாயக்கில்லைன்னு தெரிஞ்சும் ஆசை விட மாட்டேங்குதுக்கா."

மோந்து பார்த்தாள். அவளுடைய கை இதுவரை கலந்த எதுவும் இதன் கிட்டேகூட வராது. "அருமையா இருக்குடா."

"சும்மா எனக்காகச் சொல்லாத. அப்பாகிட்ட காட்டுறேன். அவர் சேர்ந்துடுச்சுன்னு சொல்லிட்டா நாளைக்கே வேலையை விட்டுட்டுத் தொடங்கிடுவேன். முகம் சுளிச்சார்னா இதோட தலை முழுகிடுறேன்."

உள்ளே அப்பா எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. தம்பி ஒரு காலை வாசற்படியில் வைத்துவிட்டான். அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பாவுக்கு வாசனையே தெரியாதுடா. அன்னைக்கே தெரியாது. நீ சொன்னதுதான் சரி. மதியத்துல நான்தான் மாத்திக் கலந்து வெச்சேன். உன் மூக்கு நல்ல மூக்குடா. நான்தான் பாவி, உன்னைப் பொய்யனாக்கிட்டேன்."

திட்டுவான், பொட்டலத்தை மூஞ்சியில் எறிவான் என்று காத்திருந்தாள். எறிந்தால் நிம்மதியாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவனோ சோப்பைத் திரும்பக் காகிதத்தில் மடித்தான். மடிப்பு சரியாக விழாமல் மறுபடி பிரித்து மடித்தான்.

"அப்போ... இதை அப்பா மோந்து பார்த்தாலும் அவருக்கு ஒண்ணுமே தெரியாதாக்கா?"

"தெரியாதுடா" என்றாள்.