ஏரியில் விட்ட இரண்டு மீன்கள்

ஏரியில் மீன் விட்டது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். பள்ளியில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் மூடி போட்ட பெயின்ட் வாளி. அதற்குள் இரண்டு மீன்கள். ஒவ்வொன்றும் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம்.

வாங்கியபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தன. என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது மீன்தொட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வண்ணமீன் கடை இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தொட்டி, கூழாங்கல், காற்று மோட்டார், தங்கமீன்கள் எல்லாம் எடுத்து வைத்த பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார்.

"கண்ணாடில பாசி புடிக்கும் டீச்சர். இத்த ரெண்டு உட்டுக்குங்க, அதுவே உறிஞ்சி உறிஞ்சி சுத்தம் பண்ணிக்கினு இருக்கும்."

டேங்க் கிளீனர் என்பார்கள், சக்கர் மீன் என்றும் சொல்வார்கள். அதற்கு வாய் முகத்தின் முன்னால் கிடையாது. அடியில், வட்டமாக, தடித்த உதடுகளோடு இருக்கும். கண்ணாடியில் அதைப் பதித்துக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் தொங்கும். உடம்பெல்லாம் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடு.

பணம் கொடுத்துக் கிளம்பும்போது பாய் மறுபடியும் கூப்பிட்டார். "ஒரு விசயம். இது ரொம்பப் பெருசா வளரும். தொட்டி பத்தலன்னா என்னாண்டயே கொண்டாந்து குடுத்துடுங்க. ஏரி கொளத்துல மட்டும் உட்றாதீங்க."

"பாய், நான் விலங்கியல் டீச்சர்" என்றேன், சிரித்துக்கொண்டே. அவரும் சிரித்தார். விஷயம் தெரிந்தவர்களிடமே போய்ச் சொல்லிவிட்டோமே என்று கூச்சப்பட்டவர் மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு.

மகள் பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூர் விடுதிக்குப் போனாள். தொட்டி என் தலையில் விழுந்தது. தங்கமீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கடைசித் தங்கமீனின் விலாவில் இந்த இரண்டில் ஒன்று ஒட்டிக்கொண்டு அதன் மேல்தோலை உறிஞ்சுவதை ஒருநாள் காலை காபி குடித்துக்கொண்டே பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தத் தொட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை வாளியோடு பாய் கடைக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண், "தொழுகைக்குப் போயிருக்காரு, அரைமணி நேரத்துல வந்துடுவாரு" என்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வாளியிலிருந்து தண்ணீர் அலம்பி என் புடவையின் கீழ்ப்பகுதி நனைந்து நாறியது. அரைமணி நேரம்தான். நான் காத்திருக்கவில்லை.

ஏரிக்கரை வழியில்தான் என் வீடு. மதகுக்குப் பக்கத்தில் படியிறங்கி வாளியைச் சாய்த்தேன். இரண்டும் கொஞ்ச நேரம் படியின் கடைசிக் கல்லில் வாயைப் பதித்துக்கொண்டு இருந்தன. பிறகு சேற்றுநிறத் தண்ணீரில் கலந்துபோயின. நான் அதைப் படம் எடுத்து, "விடுதலை" என்று போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்தேன். உடன் வேலை செய்யும் ஆசிரியைகள் இதயம் அனுப்பினார்கள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. இதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூசுகிறது. தப்பு செய்கிறோம் என்று தெரிந்து செய்திருந்தால்கூட இவ்வளவு கூசாது என்று நினைக்கிறேன். பாடமாக நடத்துகிற ஒன்றை அன்று மத்தியானம் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

மூன்று வருஷம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரையில் ஒரு அக்காவிடம்தான் மீன் வாங்குவேன். அவர் கணவர் விடிகாலையில் தெர்மாகோல் மிதவையில் போய் வலையை எடுத்து வருவார். அக்கா கரையில் சாக்கு விரித்து விற்பார். எனக்கென்று ஒரு குரவையோ விராலோ ஒதுக்கி வைத்திருப்பார். அந்த ஞாயிறு அவருக்கு முன்னால் விற்க ஒன்றுமில்லை. கணவர் ஒரு கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, கத்தரிக்கோலால் வலையை வெட்டி வெட்டி எதையோ பிரித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இங்க வாங்க. நீங்க படிச்சவங்க. இது இன்னா மீனு?" என்று அக்கா ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

கருப்புக் கோலம் போட்ட எலும்புத் தகடு. விசிறி மாதிரி விரிந்த முதுகுத் துடுப்பு. அடியில் வட்ட வாய், காற்றைச் சப்பிக்கொண்டு.

"போன வருசம் ஒண்ணு ரெண்டு வந்துச்சு. இப்போ வலை பூரா இத்தான் கீது. முள்ளு மாட்னா வலைய அறுத்தாத்தான் வரும். இவரு கைய வேற கிய்ச்சிடுச்சு, பாருங்க. துன்னவும் முடியாது, விக்கவும் முடியாது. ஒரே பேஜாரு."

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் விலங்கியல் பெயர்கூட நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியலையே அக்கா" என்றேன். "வெள்ளத்துல எங்கிருந்தாவது வந்திருக்கும்."

அவர் என்னை நம்பினார். டீச்சருக்கே தெரியாத மீன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொன்னார்.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். இரண்டு மீன் இத்தனை ஆகுமா? ஆகலாம். கரையில் குழி தோண்டி முட்டையிடும், அப்பா மீன் காவல் இருக்கும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும். ஆனால் மேலே உள்ள ஏரிகளிலிருந்தும் வந்திருக்கலாம். வேறு யாராவதும் விட்டிருக்கலாம். அந்த "லாம்" எல்லாவற்றையும் ஒன்றுமேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் படுத்துக்கொண்டேன். அந்த வருஷம் பிளஸ் டூ வகுப்பில் அயல் உயிரினங்கள் பற்றிய பகுதி வந்தபோது பத்து நிமிடத்தில் முடித்து, முக்கியமான கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குள் மீன்வளத் துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் மீன், யாரோ ஏரியில் விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் போனார். ஒருவர் விட்டதா பலர் விட்டதா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னாராம். அது யார் காதிலும் ஏறவில்லை. சுற்றுவட்டாரத்தில் வண்ணமீன் விற்பது ஒரே ஒரு கடைதான்.

ஒருநாள் மாலை நான் பள்ளியிலிருந்து திரும்பும்போது பாய் கடை வாசலில் கூட்டம். இருபது பேர் இருப்பார்கள். வாசற்படியில் ஒரு சாக்கு அவிழ்த்துக் கொட்டியிருந்தது. மீன்கள் இன்னும் உயிரோடு, சிமென்ட்டில் துடுப்பை உரசி உரசி நகர்ந்துகொண்டிருந்தன. அக்காவின் கணவர் வீங்கிய கையைத் தூக்கிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "விக்காததெல்லாம் எடுத்தாந்து ஏரில கொட்டிக்கினு, இங்க கல்லால ஒக்காந்துக்கினு கீறயா?"

பாய் கையைக் கூப்பியபடி நின்றார். "நான் வித்தது நெசந்தாங்க. ஏரில ஒரு மீனுகூட உடல. வாங்கறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் உடாதீங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன்." அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்தது. "தோ, டீச்சரே கீறாங்க. டீச்சர், நீங்களே சொல்லுங்க. உங்ககிட்ட சொன்னேன்ல?"

இருபது பேரும் திரும்பினார்கள். அக்காவும்.

ஆமாம் என்றால் அடுத்த கேள்வி வரும். உங்கள் மீன்கள் எங்கே என்று.

"ஞாபகம் இல்லையே பாய்" என்றேன்.

அவர் முகத்தில் முதலில் குழப்பம்தான் வந்தது. பிறகு என்னையே பார்த்தார். மெல்ல ஏதோ புரிந்துகொண்ட மாதிரி கண்ணைத் தாழ்த்தினார். ஒரு முறத்தை எடுத்துவந்து படியில் கிடந்த மீன்களை அள்ளத் தொடங்கினார். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன். அடுத்த வாரம் கடையில் தொட்டிகள் இல்லை. கோழித்தீவனமும் நாய்ச்சங்கிலியும் வைத்திருந்தார்.

அப்படியே இருந்துவிட்டிருப்பேன். என்னை நானே நல்லவளாக்கிச் சொல்ல விரும்பவில்லை. அக்காதான் வீட்டுக்கு வந்தார். கணவரின் கைக்காயம் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் கிழித்துக் கட்டியும் இரண்டு விரல் மடங்கவில்லை. கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

"நீங்க எய்துனா ஒரு மதிப்பு டீச்சர். அந்தக் கடைக்காரரால எங்க பொழப்பு போச்சுன்னு நல்லா அழுத்தி எய்துங்க."

காபி கொடுத்து உட்காரவைத்தேன். வெள்ளைத் தாளில் அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதினேன். "மேற்படி கடையின் உரிமையாளர்" என்பது வரை வந்தேன். பேனாவை மூடி வைத்தேன்.

"அக்கா, அவர் விடல. நான்தான் விட்டேன். ரெண்டு மீன். மதகாண்ட."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ஷட்டர் மூடியிருந்தது முதற்கொண்டு. யார் யாரோ விட்டிருக்கலாம் என்றும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன். அதைச் சேர்த்திருக்க வேண்டாம்.

"அன்னிக்கி நான் மீன கையில புடிச்சிக்கினு கேட்டேனே. அப்போ தெரியும் உனக்கு?" என்றார். அதுவரை ஒருநாளும் என்னை ஒருமையில் பேசியவர் இல்லை.

"தெரியும்."

"எந்திரி. கடைக்கு வா."

பின்னால் அவரை உட்காரவைத்து ஸ்கூட்டரில் போனேன். வழியெல்லாம் அவர் என் தோளைப் பிடிக்கவில்லை. பாய் தீவன மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். மன்னிச்சிடுங்க என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அது அழுகை மாதிரி கேட்டதில் எனக்கே எரிச்சலாக இருந்தது.

பாய் ஊசியைக் கோணியில் குத்திவைத்தார். "அன்னிக்கி இங்க இருவது பேரு நின்னாங்க டீச்சர். இப்போ நீங்க ரெண்டு பேரு வந்து கீறீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "என் பேத்திய ஸ்கூல்ல 'ஏரிய கெடுத்தவரு பேத்தி'ன்னு சொல்றாங்களாம். அவங்களுக்கெல்லாம் யாரு சொல்றது?"

அந்தச் சிறுமி எங்கள் பள்ளியில் ஆறாவது படித்தாள். எனக்கு அது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கரையில் மீனவர்கள் எல்லோரும் வலை பிரிக்கும் நேரத்தில் போய் நின்று சொன்னேன். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில், தலைமை ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, மைக்கில் சொன்னேன். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் கரைதான். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள், பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள், அவ்வளவுதான். கரையில் ஒரு பெரியவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். அது பரவாயில்லை. இன்னொருவர், "உடுங்க டீச்சர், தெரியாம பண்ணிட்டீங்க" என்றார். தெரியாமல் செய்யவில்லை என்று அவருக்கு மறுபடியும் விளக்க வேண்டியிருந்தது. அக்காவின் கணவர் மடங்காத விரல்களோடு வலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மனுவைத் திரும்ப எழுதினேன், என் பெயரையும் நான் செய்ததையும் சேர்த்து. காஞ்சிபுரத்தில் மனுநாள் வரிசையில் அக்காவோடு நின்றேன். பெற்றுக்கொண்டோம் என்று சீட்டு வந்தது. வேறொன்றும் வரவில்லை.

சித்திரையில் ஏரி வற்றி மதகுப் பக்கம் குட்டை குட்டையாகத் தேங்கியபோது, சேற்றில் இறங்கிச் சக்கர் மீன்களைப் பொறுக்கலாம் என்று மீனவர்கள் முடிவு செய்தார்கள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன். அக்கா என் கையில் ஒரு ரப்பர் உறையைத் திணித்து, "வாலப் புடி, முதுகாண்ட கைய வெக்காத" என்றார். கரையில் அவை தோண்டியிருந்த துளைகளுக்குள் கையை விட்டால் முட்டைக்கொத்து வழவழவென்று அகப்பட்டது. மேட்டில் வெட்டிய குழியில் கொட்டினோம். காலையில் கொட்டியவை மதியம்வரை வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான்தான் அவற்றுக்கு இந்த இடத்தைக் கொடுத்தவள். மண்ணைத் தள்ளும்போது அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அக்கா மண்வெட்டியை வாங்கி மூடினார்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. கலங்கலில் உபரிநீர் வழிந்த மறுவாரம் கரைக்குப் போனேன். சாக்கில் நாலைந்து கெண்டை இருந்தது. பக்கத்தில் தனியாக ஒரு குவியல், கருப்பாக, அசைந்துகொண்டு.

"கொறஞ்சிருக்காக்கா?" என்று கேட்டேன்.

"கொறயல" என்றார் அக்கா. கெண்டையை நிறுத்து என் பையில் போட்டார்.