அண்ணி பார்க்காத பூச்சி

எங்கள் அண்ணியிடம் ஒரு பழத்தைக் கொடுத்தால் உடனே வாயில் போட மாட்டார். காம்பைப் பார்ப்பார், அடியை அழுத்துவார், ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்று திருப்புவார். அதுவரை வீட்டுக்கு வந்த விருந்தாளி கையில் தட்டோடு காத்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் பயிர்ச் சோதனை நிலையத்தில் அதிகாரியாக இருந்தவர். வெளிநாட்டுக்குப் போகும் பழம் எதுவானாலும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும். 'பூச்சி இல்லை' என்று சான்றிதழில் அவர் முத்திரை விழுந்தால்தான் எல்லையில் கதவு திறக்கும்.

நான் ஆரஞ்சு ஏற்றுமதி செய்கிறவன். அண்ணி சோதனை அதிகாரி, கொழுந்தன் ஏற்றுமதிக்காரன் என்றால் ஊர் என்ன பேசும்? பேசியது. ஒருமுறை என் சரக்கில் நாற்பது பெட்டிகளைப் புழு இருக்கிறது என்று அண்ணி திருப்பி அனுப்பினார். அன்றோடு ஊர் வாயை மூடிக்கொண்டது. நானும்தான் மூடிக்கொண்டேன், ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

எங்கள் நாட்டுக்கு வடக்கே ஒரு பெரிய நாடு, கிழக்கே ஒரு பெரிய நாடு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, நாங்கள் குடியிருப்பது அந்த மத்தளத்துக்குள். அப்பா காலத்திலிருந்து எங்கள் ஆரஞ்சு வடக்கேதான் போகும். போன வருடம் எங்கள் அரசாங்கம் கிழக்கு நாட்டுக்காரர்களுக்குத் துறைமுகம் கட்டக் கடற்கரையில் இடம் கொடுத்தது. டிவியில் கைகுலுக்கிச் சிரித்தார்கள். சரியாக ஒன்பதாம் நாள் வடக்கிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் ஆரஞ்சில் பூச்சி இருக்கிறது, எல்லையை மூடுகிறோம்.

முப்பது வருடமாகக் கண்ணில் படாத பூச்சி அந்த ஒன்பது நாளில் எப்படித்தான் பெருகியதோ! என் பதினாறு லாரிகளும் எல்லையில் வரிசையாக நின்றன. வெயிலில் பழம் கனிந்து, அப்புறம் அழுகி, டிரைவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு லாரிக்கு அடியில் படுத்திருந்தார்கள். கிழக்குப் பக்கம் கேட்டுப் பார்த்தோம். அவர்களுக்கு வேண்டியது எங்கள் கரை மட்டும்தானாம். ஆரஞ்சு அவர்களிடமே கொட்டிக் கிடக்கிறதாம்.

அண்ணி வடக்குக்கு மூன்று கடிதம் எழுதினார். என்ன பூச்சி, எந்தப் பெட்டியில், ஒரு புகைப்படமாவது உண்டா? மூன்றுக்கும் பதில் இல்லை. தன்னிடம் இருந்த மாதிரிப் பழங்களை ஒவ்வொன்றாக அறுத்து, லென்ஸை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண் சிவந்ததுதான் மிச்சம்.

இதற்குள் எங்கள் அமைச்சர் வடக்கே போய்ச் சமாதானம் பேசிவிட்டு வந்தார். எல்லையைத் திறக்க அவர்களுக்கும் மனம்தான். ஆனால் கோபத்தில் மூடினோம் என்று அவர்களால் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னது பொய் என்று எங்களாலும் சொல்ல முடியாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஆகவே பழியைச் சுமக்க ஒரு மருமகள் தேவைப்பட்டாள். நிலையத்தின் இயக்குநர் அண்ணியைக் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு வரிதான் மேடம். பூச்சி இருந்துச்சு, என் கவனக்குறைவால அதைப் பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்துட்டா விஷயம் முடிஞ்சிரும்."

"இல்லாத பூச்சிய நான் எப்படி சார் பார்த்திருக்க முடியும்?"

"குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லைன்னு சொல்வாங்க இல்லையா மேடம்? பக்கத்து நாடும் சுற்றம் மாதிரிதான்."

பழமொழி சொல்வது சுலபம். அண்ணி கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். அவரைப் போடவைத்தது இயக்குநர் இல்லை, நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்று சாயங்காலமே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"போட்டுடுங்க அண்ணி. பழம் கட்டுற ஷெட்ல நாற்பது பேர் வேலை இல்லாம உட்கார்ந்திருக்காங்க."

"இதை எழுதிட்டா, இருபத்திரண்டு வருஷமா நான் எழுதின மத்ததெல்லாம் என்ன ஆகும் தம்பி? யார் நம்புவாங்க?"

நாற்பது பேர் என்ற கணக்கையே மறுபடி சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது என் பதினாறு லாரி.

மறுநாள் எழுதிக் கொடுத்தார். அந்தப் படிவத்தில் 'பூச்சியின் பெயர்' என்று ஒரு கட்டம். எதையாவது எழுதுங்கள் மேடம் என்றாராம் இயக்குநர். அண்ணி ஒரு அறிவியல் பெயரை எழுதினார். வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பல வாரத்துக்கு அப்புறம் அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"நம்ம அரிசி டப்பால வருமே வண்டு, அதைத்தான் எழுதியிருக்கேன். காய்ஞ்ச தானியம் இருந்தாத்தான் அது உயிரோட இருக்கும். ஆரஞ்சுச் சாறுல செத்துடும். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூட இதைப் பார்த்தா சிரிச்சிடும். அங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர் படிச்சுப் பார்த்தாப் போதும். இது இல்லையேன்னு திருப்பி அனுப்புவாங்க. அப்போ கேக்கறேன், வேற எதைப் பார்த்தீங்கன்னு."

எட்டாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் அதிகாரி குறிப்பிட்டுள்ள பூச்சியையே எங்கள் ஆய்வகமும் கண்டறிந்திருந்தது. தங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம்.'

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு வண்டை ஆரஞ்சுக்குள் மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். அண்ணி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அவங்களும் படிச்சவங்கதானே தம்பி," என்று மட்டும் சொன்னார்.

எல்லை திறந்தது. டிவியில் வேறு இருவர் கைகுலுக்கினார்கள். கவனக்குறைவை எழுத்தில் ஒப்புக்கொண்டவரிடம் முத்திரை இருக்கக்கூடாது என்று அண்ணியிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு, பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். நடந்ததைப் பத்திரிகைக்குச் சொல்லிவிடலாமே என்று அண்ணன் குதித்தார். என்னவென்று சொல்வது? பொய் எழுதியவர் இன்னார் என்று கையெழுத்தோடு கோப்பில் இருக்கிறது. வாயைத் திறந்தால் வேலையும் போகும், எல்லையும் மறுபடி மூடும். முதலில் அடிபடுவது என் லாரிதான். அது தெரிந்துதான் அண்ணி வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கதை அதோடு முடிந்திருந்தாலாவது பரவாயில்லை. இந்தப் பருவத்திலிருந்து வடக்கில் ஒரு புது விதி. எல்லா ஆரஞ்சுப் பெட்டியிலும் அந்த வண்டு இல்லை என்று தனியாகச் சான்று வேண்டும். லாரிக்கு இரண்டு மணி நேரம் கூடுதல் சோதனை. போன வாரம் அண்ணியின் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புது அதிகாரி, என் பழங்களை அறுத்து லென்ஸில் அரிசி வண்டைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணிக்கு நான் என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது.

"முன்னாடி இங்க ஒரு அம்மா இருந்தாங்களாம்," என்றார் நிமிராமல். "பூச்சியக் கோட்டை விட்டுட்டாங்க. அவங்க ஒழுங்கா பார்த்திருந்தா இன்னைக்கு நமக்கு இந்தப் பாடு இருக்குமா, சொல்லுங்க."

சான்றிதழ் இன்னும் அவர் கைக்கு அடியில்தான் இருந்தது.

"ஆமா சார்," என்றேன்.