பெரிய வெள்ளியன்று எரிந்த விளக்கு

சிறுமலையில் எங்கள் ஊருக்கு மின்கம்பி ஏறி வருவதற்கு முன்பே விளக்கு வந்துவிட்டது. நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், திண்டுக்கல்லிலிருந்து யாரோ நல்லவர்கள் ஜீப்பில் வந்தார்கள். ஊர் முனையில் சிலுவை நிற்கும் குருசடிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, உச்சியில் கறுப்புக் கண்ணாடிப் பலகையையும் அதன் கீழே விளக்கையும் மாட்டிவிட்டுப் போனார்கள். பகலெல்லாம் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் எரியும் சோலார் விளக்கு. அதற்கு ஸ்விட்ச் கிடையாது. பொழுது சாய்ந்தால் தானே எரியும், விடிந்தால் தானே அணையும். ஊரில் எல்லாருக்கும் அது அதிசயம், எனக்கு மட்டும் பயம். யாரும் தொடாமல் விழித்துக்கொள்கிற ஒன்றை எப்படி நம்புவது?

அப்பா திண்டுக்கல்லில், நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். சனிக்கிழமைதோறும் கடைசி பஸ்ஸில் மலையேறி, ரோட்டிலிருந்து காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரம் நடந்து வருவார். குருசடிக்குச் சற்று முன்னால் பாதை ஓடைப் பள்ளத்தை ஒட்டித் திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு விளக்குதான் அடையாளம். விளக்கு வந்தபிறகு அவர் டார்ச் லைட்டைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்திருந்தார்.

பூசை வைக்கப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் ஊரின் பக்திக்கெல்லாம் என் அத்தைதான் பொறுப்பு. அப்பாவின் அக்கா. ஆண்டவரின் பாடுகளை நினைக்கும் நாட்களில் சிலுவையையும் புனிதர் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடம் எல்லாவற்றையும் மூடியாகிவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமை காலையில் அத்தையின் கண் கம்பத்தின் உச்சிக்குப் போனது.

“ஆண்டவரு பாடுபடுற நாள்ல அது மட்டும் என்ன, மினுக்கிக்கிட்டு நிக்குது?” என்றாள்.

மிளகு பறிக்கும் மூங்கில் ஏணியைக் கம்பத்தில் சாத்தினார்கள். எடை குறைந்தவள் என்பதால் துணியோடு நான் ஏறினேன். அத்தை கீழே ஏணியைப் பிடித்தபடி கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடி முழுவதையும் போர்த்தி, நாலாவது முடிச்சைப் போட்டேன். என் கன்னத்துக்கு ஒரு முழம் தள்ளி, விளக்குக்குள் ஏதோ நடுங்கியது. பிறகு எரிந்தது. நல்ல வெயிலில், வெளிறிப்போய் எரிந்தது. காற்று வந்து துணியின் ஒரு பக்கத்தைப் புரட்டியது. விளக்கு அணைந்தது. துணி மறுபடி படிந்தது. விளக்கு மறுபடி என்னைப் பார்த்தது.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். அன்று ஒருசந்தி, மாலைவரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது. நான் காலையிலேயே அடுக்களையில் இரண்டு மலைவாழைப்பழங்களை முழுங்கியிருந்தேன். அதை விளக்கு கண்டுபிடித்துவிட்டது. போதாக்குறைக்கு அன்று பிள்ளைகள் பேசவும் கூடாது, பேசினால் ஆண்டவரின் காயத்தில் ரத்தம் வரும் என்று அத்தை சொல்லியிருந்தாள். புரண்ட துணியை இழுத்து இறுகக் கட்டிவிட்டு, வாயைத் திறக்காமல் இறங்கி வந்தேன்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சிலுவைப்பாதை ஊர்வலம் குருசடிக்கு வந்தபோது மலையில் மேகம் இறங்கியிருந்தது. அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். ஊதாத் துணிக்குக் கீழே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றுபோனது. ஒருவர் பின் ஒருவராக மண்டியிட்டார்கள்.

“யாரும் கிட்டப் போகாதீங்க. ஆண்டவரு உசுர விட்ட நேரம் இது,” என்றாள் அத்தை. இருட்டும் முன்னே விளக்கு மெல்ல மங்கி அணைந்தது. அதையும் துக்கம் என்றே ஊர் எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை இரவும் விளக்கு எரியவில்லை. அப்பாவும் வரவில்லை. பஸ்ஸை விட்டிருப்பார் என்று அம்மா சொன்னாள். குருசடி முன்னால் மெழுகுவத்தியோடு உயிர்ப்புப் பாட்டுப் பாடினோம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் யாரோ ஈனசுரத்தில் கூப்பிடுவதுபோல எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. விளக்குதான் என் பேரைச் சொல்கிறது என்று நினைத்தேன். காதைப் பொத்திக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓடைக்குத் தண்ணீருக்குப் போனவர்கள் அப்பாவைப் பள்ளத்தில் கண்டார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. டோலி கட்டி ரோடுவரை தூக்கிப் போனார்கள். சிலுவையிலும் கம்பத்திலும் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்தோம். அன்று சாயங்காலம் விளக்கு பழையபடி எரிந்தது. மூன்றாம் நாள் அல்லவா. விளக்கு உயிர்த்தது, தன் தம்பி பிழைத்தான், இரண்டும் ஆண்டவர் செய்த புதுமை என்று அத்தை ஊரெல்லாம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அப்பா ஒன்றுதான் சொன்னார்: “வெளக்கு இப்பத் தெரியும், இப்பத் தெரியும்னு நடந்துக்கிட்டே இருந்தேன்.”

ஆறேழு மாதம் கழித்து, விளக்கைப் பார்க்க டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு கூட நின்றார், நானும் நின்றேன். நடுப்பகல். மெக்கானிக் ஏணியில் ஏறிக் கண்ணாடிமேல் ஒரு சாக்கைப் போட்டார். விளக்கு எரிந்தது.

“ராத்திரின்னு நெனச்சுக்கிரும்ணே. ரொம்ப நேரம் மூடி வச்சா பேட்டரி காலியாயிரும், அம்புட்டுத்தான்,” என்றார்.

அப்பா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். தூரத்தில் அத்தை கையில் மெழுகுவத்தியோடு வந்துகொண்டிருந்தாள்.

“தம்பி, அந்தச் சாக்க எடுத்துருங்க. எங்கக்கா வருது. மூடுனா எரியும்னு அதுகிட்ட ஒண்ணும் சொல்லிற வேணாம்,” என்றார் அப்பா.

சாமி விளக்கின்மேல் அழுக்குச் சாக்கைப் போட்டதற்கு அத்தை சத்தம் போடுவாள், அதற்காகத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு அன்று ஒரே சந்தோஷம். வாழைப்பழம் தின்றதை விளக்கு பார்க்கவேயில்லை. அப்பா என் தலையில் கையை வைத்து, அத்தை வந்து சேரும்வரை எடுக்காமலே நின்றார். கால் வலிக்கிறது போலிருக்கிறது, அதுதான் என்மேல் ஊன்றிக்கொள்கிறார் என்று அசையாமல் நின்றேன்.