மிஸி சிவகாமி படித்த மூன்று பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை மதியம், சென்னையிலிருந்து வந்திறங்கிய புத்தகக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கடைத் தொலைபேசி அடித்தது. தோ பாயோவிலிருந்து பேசியவர் திருமதி லிம், மிஸி சிவகாமியின் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய மலாயும் என்னுடைய மலாயும் அரைகுறை. "மிஸி சுடா பெர்கி" என்றார். மிஸி போய்விட்டார் என்று அர்த்தம். எங்கே போனார் என்று கேட்டேன். மறுமுனையில் அழுகைச் சத்தம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மருத்துவமனைத் தாதிகளை இந்த ஊரில் மிஸி என்றே கூப்பிடுவோம். ஆனால் சிராங்கூன் சாலையில் மிஸி என்றால் அது சிவகாமி அம்மையார் ஒருவர்தான். பிரசவ வார்டில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். உயரமானவர், அதிகம் பேசாதவர். வெள்ளைச் சீருடையை மாற்றாமல் நேரே என் புத்தகக் கடைக்கு வந்து, "புதுசா என்ன வந்திருக்கு?" என்று நின்றுகொண்டே கேட்பார்.

ஐம்பதுகளில் எங்கள் கடை மாடியில் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். செம்பவாங் கப்பல் பட்டறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும், அங்கே கணக்கெழுதும் கிராணி சுப்பையா, துணிக்கடை வைத்திருந்த அப்துல் காதர் போன்றவர்கள். இந்தியாவில் அப்போது வெளிவந்துகொண்டிருந்த நாவல்களில் ஒன்றை எல்லாரும் படித்துவிட்டு வரவேண்டும். மனத்தில் பட்டதை எழுதி வாசிக்க வேண்டும். வேறு விதி கிடையாது.

மிஸியின் குறிப்புகள் அரைப் பக்கத்தைத் தாண்டாது. கூட்டுக் குடும்பக் கதை ஒன்றை நாங்கள் எல்லாரும் கண்ணீர் மல்கப் புகழ்ந்த அன்று அவர் எழுந்து, "வலி எடுத்த பொம்பள இவ்வளவு நீளமா வசனம் பேசமாட்டா. எழுதினவரு அந்த நேரம் வெளியில காப்பி குடிச்சிக்கிட்டு இருந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வங்காளத்திலிருந்து தமிழுக்கு வந்த நாவலில் காசநோய்க்காரக் கதாநாயகனை, "இவனுக்கு இருமல் சரியில்ல லா, சும்மா இருமுறான்" என்று தள்ளுபடி செய்தார். உண்மையான வலி எது, எழுத்தாளர் ஒட்டவைத்த வலி எது என்று அவருக்குத் தெரிந்தது.

தம் வலியைப் பற்றி மட்டும் அவர் பேசியதில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய கணவரை ஜப்பானியர் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. இறந்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. பிள்ளைகள் இல்லை. துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அதே பலகை வீட்டில் மிஸி தனியாக இருந்தார். இடிக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் வந்தும் நகரவில்லை. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த நாவல் வந்தது. தமிழ்நாட்டில் ஏதோ ஒரு சிற்றூரில் இருந்த, அதிகம் பெயர் தெரியாத ஒருவர் எழுதியது. நிலத்தகராறு பற்றிய கதை. நடுவில் மூன்று பக்கம் மட்டும், சயாமுக்குப் போன ஒரு கூலியாள் காய்ச்சலில் கிடந்து பிதற்றுகிறான். அதோடு அவனை விட்டுவிட்டுக் கதை மறுபடியும் வயலுக்குப் போய்விடும். நாங்கள் யாரும் அந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மிஸியின் முறை வந்தது. எழுந்தார். கையில் காகிதம் இல்லை, புத்தகம் மட்டும் இருந்தது. அந்த மூன்று பக்கங்களை வாசித்தார். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒரு உப்புக்கல்லை நாக்கடியில் ஒதுக்கிக்கொள்ளும் பழக்கம் அந்தக் கூலியாளுக்கு. காய்ச்சலில் பெண்டாட்டியைக் கூப்பிடுகிறான்: "தபால்காரி, கதவைத் தாழ் போடாதே. வந்துவிடுவேன்."

மிஸி புத்தகத்தை மூடினார்.

"இது என் வீட்டுக்காரரு" என்றார்.

அப்துல் காதர் மெல்ல, "மிஸி, உப்புக்கல் வச்சிக்கிற பழக்கம் வெயில்ல வேலை செய்ற நெறைய பேருக்கு உண்டு" என்றார்.

"தபால்காரின்னு பெண்டாட்டிய எத்தனை பேரு கூப்பிடுவாங்க? வார்டு சேதியெல்லாம் வந்து சொல்றேன்னு எனக்கு அவரு வச்ச பேரு. எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது." யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவரு போனதிலேருந்து நான் கதவத் தாழ் போட்டுப் படுத்ததில்ல. அதுவும் யாருக்கும் தெரியாது."

மாடியில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சுப்பையாவின் கை ரோமம் சிலிர்த்து நின்றதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். அன்று அதற்கு மேல் யாரும் எதுவும் வாசிக்கவில்லை.

சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய எவரோ அந்த எழுத்தாளரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். மிஸியும் அப்படித்தான் நினைக்க விரும்பினார். அந்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினார். என்னைப் படித்துப் பார்க்கச் சொன்னார்; நானே தபாலில் சேர்த்தேன். ஆகவே அதில் என்ன இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். 'அந்த மனிதரைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார்? அவர் பிறகு என்ன ஆனார்?' இரண்டே கேள்விகள். பெயர், ஊர், வீடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆறேழு வாரம் கழித்துப் பதில் வந்தது. கடை முகவரிக்குத்தான் வந்தது. மிஸி அங்கேயே நின்று பிரித்தார்.

தாம் கப்பலே ஏறியதில்லை என்று எழுதியிருந்தார் அந்த எழுத்தாளர். சயாமுக்குப் போன யாரையும் சந்தித்ததும் இல்லையாம். நிலத்தகராறை எழுத உட்கார்ந்த ஒரு மழைநாளில் அந்த ஆள் தானாக வந்து நின்றான். பேசியதை எழுதிக்கொண்டேன், ஏன் வந்தான் என்று இன்றுவரை தெரியவில்லை என்றார். அவன் முடிவையும் எழுதியிருந்தாராம். கதைக்குச் சம்பந்தமில்லை என்று பதிப்பாளர் எடுத்துவிட்டார். தம் கையெழுத்துப் பிரதியிலிருந்து அந்தத் தாளை மட்டும் கிழித்து எழுத்தாளர் கடிதத்தோடு அனுப்பியிருந்தார்.

மிஸி படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "தப்பா படிக்கிறேனான்னு பாருங்க."

அவர் தப்பாகப் படிக்கவில்லை. 'தோட்டை விற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். சோதனைக்கு வருகிறார்கள் என்று நிலைக்கு மேலே சொருகி வைத்தேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வீம்பில் கிளம்பிவிட்டேன். தபால்காரி, இனிமேல் தாழ் போட்டுக்கொள்.' அதோடு அவன் மூச்சு நின்றது என்று இருந்தது.

அப்போதுதான் மிஸி சொன்னார். கணவரைப் பிடித்துக்கொண்டு போன அன்று காலையில் இருவருக்கும் சண்டை. பெட்டியில் இருந்த கல் தோடு காணவில்லை. "வித்துக் குடிச்சிட்டீங்களான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. கஞ்சியக்கூடத் தொடாம போயிட்டாரு. அதுதான் நான் அவருகிட்ட கடைசியா பேசின பேச்சு."

அன்று மாலையே நானும் என் மனைவியும் அவரோடு தஞ்சோங் பகாருக்குப் போனோம். வெயில் இறங்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் மிஸி நின்றுவிட்டார்.

"நீங்க பாருங்க தம்பி. எனக்குக் கை வரல."

முக்காலி போட்டு ஏறினேன். நிலைச்சட்டத்துக்கும் மேல்பலகைக்கும் நடுவில் விரல்கள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தூசி, கரையான் மண். இன்னும் உள்ளே கையை விட்டபோது தகரம் தட்டுப்பட்டது. துருப்பிடித்த சிகரெட் டின். மூடியைத் திறக்க முடியாமல் என் மனைவி கரண்டிக் காம்பால் நெம்பினாள். உள்ளே மஞ்சளாகிப்போன காகிதச் சுருட்டில் இரண்டு தோடுகள் இருந்தன. கற்களில் ஒன்றுகூட உதிரவில்லை.

மிஸி அழவில்லை. தோட்டை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "சரி, நீங்க கெளம்புங்க. இருட்டப் போவுது" என்றார். நாங்கள் வெளியே வந்து நாலடி வைத்திருப்போம். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. என் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு கல் தோடு போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். நெற்றியில் குங்குமம் இல்லை. அவரே எழுந்து, பாக்கி வைத்திருந்த தம் குறிப்பை வாசித்தார்: "இந்த நாவலில் எனக்கு ஒரே ஒரு குறை. அந்த மனிதருக்கு மூன்று பக்கம் போதாது." உட்கார்ந்த பிறகு, எங்களுக்காக இல்லாமல் தமக்கே சொல்லிக்கொள்வதுபோல, "போயிட்டாரு. ஆனா கோவிச்சிக்கிட்டுப் போகல" என்றார்.

நடந்ததற்கு என்னிடம் விளக்கம் இல்லை. தேடுவதையும் நிறுத்திவிட்டேன். ஆனால் அதன் பிறகு மிஸி மாறினார். பலகை வீட்டைத் தாமே காலி செய்தார். தோ பாயோவில் அடுக்குமாடிகள் எழுந்தபோது ஒன்பதாம் மாடியில் வீடு வாங்கிக்கொண்டு போனார். சிரிக்கவும் செய்தார். அந்த எழுத்தாளருக்கு மறுபடி கடிதம் போடவில்லை. ஆனால் அவருடைய புது நாவல் ஒவ்வொன்றையும் முதல் ஆளாக வாங்கிப் போவார். இரண்டு நாளில் திரும்பி வந்து, "இதுலயும் அவரு இல்ல. நிம்மதியா இருக்காரு போல" என்பார். நான் பில் போடுவதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று திருமதி லிம் சொன்னார். முகத்தில் வலியின் சுவடு இல்லை. தலைமாட்டில் ஒரு மராத்தி நாவலின் மொழிபெயர்ப்பு, பாதியில் பஸ் டிக்கெட் செருகியபடி இருந்தது. அதைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இனி எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

சவப்பெட்டி மின்தூக்கியில் நுழையாததால் படிக்கட்டு வழியாகவே தூக்கி இறங்கினோம். முன்னால் சுப்பையா, பின்னால் நான். யாருக்கும் சொல்லியனுப்ப நேரம் இருக்கவில்லை. ஆனாலும் எட்டாம் மாடியில் ஒரு சீனப் பெண் கைக்குழந்தையோடு கதவைத் திறந்துவைத்து நின்றார். ஏழாம் மாடியில் ஒரு மலாய்த் தாயும் மகளும். ஆறில் இரண்டு பேர். தரைவரை ஒவ்வொரு தளத்திலும், மிஸியின் கையில் பிள்ளை பெற்றவர்களோ பிறந்தவர்களோ யாராவது நின்றார்கள். ஒரு குழந்தைகூட அழவில்லை. எங்கள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டி தாண்டும்வரை நின்றுவிட்டு, ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்தார்கள்.

போய் வாருங்கள், மிஸி. உங்களுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது.