கேளு என்றால் இரண்டு

கிருபாராணி டீச்சருக்குத் தொண்டை பெரியது. பாகலூர் பள்ளியில் அவர் "உக்காருங்க!" என்றால் ஏரிக்கரைக் கொக்குகளும் உட்கார்ந்துவிடும் என்பார்கள். அதெல்லாம் சும்மா. நான் பார்த்தவரை பாதிக் கொக்குதான் உட்கார்ந்தது. மீதி மைசூர் பக்கத்துக் கொக்குகள், அவற்றுக்குத் தமிழ் தெரியாது.

கிருஷ்ணகிரியில் ஓர் உபதேசியாரின் மகள் அவர். சின்ன வயதில் பிரசங்கத்துக்கு நடுவே எழுந்து, "நோவா மீனையெல்லாம் பேழைல எங்க வெச்சாரு?" என்று கேட்டாராம். அப்பா அன்றைக்குப் பிரசங்கத்தை அதோடு முடித்துக்கொண்டார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி முடித்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் பாகலூருக்கு வந்தபோதும் அந்த வாய் அப்படியே இருந்தது. வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு. மீதியில் கன்னடம் கொஞ்சம், தமிழ் கொஞ்சம். கேள்வி கேட்டால் முன்வரிசையில் நாலு தமிழ்ப் பிள்ளைகள் பதில் சொல்லும், மற்றதெல்லாம் தலையாட்டும். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் உட்காரும் பலகைகளைத் திருப்பிப் போட்டு, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக முகம் பார்க்க உட்கார வைத்தார். வீட்டில் ஒரே மொழி பேசுகிறவர்கள் ஜோடி சேரக் கூடாது. ஒருத்தி சொல்ல வேண்டும், ஒருத்தி கேட்க வேண்டும்.

முதலில் படுதோல்விதான். ஒருத்தி பேசினாள், மற்றவள் அவள் வாயையே பார்த்தாள். பின்வரிசையில் கோழி திருட்டுப் போன கதை ஓடியது. தலைமையாசிரியர் பெருமாள் ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, இது பள்ளிக்கூடமா, சந்தையா?"

"சந்தையில ரெண்டு பக்கமும் பேசறாங்க சார். பள்ளிக்கூடத்துலதான் ஒரு பக்கமே பேசினு இருக்கறோம்."

வழி காட்டியது ஒரு தப்புதான். அன்றைய கேள்வி, மாமரத்தில் பூத்த பூவெல்லாம் ஏன் காயாவதில்லை என்பது. "நாகம்மா சொல்லு, முனிலட்சுமி கேளு" என்றார் டீச்சர். முனிலட்சுமி தெலுங்குப் பெண். அவளுக்குத் தமிழ் வந்தது சந்தையில். 'கேளு' என்ற சொல்லும் அங்கேதான் வந்தது. கத்தரிக்காய் என்ன விலை என்று கேளு, பச்சை மிளகாய் என்ன விலை என்று கேளு. காதைக் கொடுத்துக்கொண்டு உட்காருவதற்கும் அதே சொல்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"காத்து அடிச்சு உதுந்துடுது" என்றாள் நாகம்மா.

"எந்தக் காத்து?"

"மேகாத்து."

"மேகாத்து அடிக்காத வருசம்?"

"மழை கொட்டிடுது."

"மழையும் இல்லன்னா?"

நாகம்மாவுக்கு அழுகை முட்டியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "பூவுலயே ரெண்டு தினுசு இருக்குதோ என்னமோ" என்றாள். அது எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததல்ல.

டீச்சர் கிட்டே வந்தார். "உன்னக் கேக்கத்தானேடி சொன்னேன்?"

"கேட்டுனுதானே கீறேன் டீச்சர்!"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் வகுப்பு முழுவதற்கும் சட்டம் போட்டார். "இனிமே கேளுன்னா ரெண்டு. மொதல்ல காதால கேளு. அவ முடிச்சதும் வாயால கேளு. கடைசீல எழுந்து உன் பதிலச் சொல்லாத, அவ என்ன சொன்னாளோ அதச் சொல்லு." அதன்பின் அந்த வகுப்பில் தூங்குவதற்கு வழியே இல்லாமல் போயிற்று.

இன்ஸ்பெக்டர் வருகிற செய்தி வந்ததும் பெருமாள் சார் கையைப் பிசைந்தார்.

"பலகைய நேராப் போட்டுடுங்கம்மா. அவரு ஒரு வார்த்தை எழுதினா உங்க வேலை போச்சு. உங்க சம்பளத்த நம்பி வீட்ல அம்மா இருக்கறாங்க."

"எழுதட்டும் சார். அம்மாவும் அதத்தான் சொல்லுவாங்க."

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று இரைச்சலைக் கேட்டார். உள்ளே வந்து பிரம்பால் மேசையை அடித்தார்.

"சத்தம் போடாதீங்க! எல்லாரும் நான் சொல்றதைக் கேளுங்க!"

வகுப்பு அடங்கியது. காதால் கேட்டது. நல்ல மாணவன் வாயைத் திறக்க மாட்டான், வாயைத் திறக்காதவனே அறிவாளி ஆவான் என்று அவர் நெடுநேரம் பேசிவிட்டு முகத்தைத் துடைத்தார். முடித்துவிட்டார் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது. அத்தனை கையும் மேலே போயிற்று.

"ஏன் சார்?" என்றது ஒரு மூலை. "யாக்கெ?" என்றது கன்னடம். "எந்துக்கு?" என்றது தெலுங்கு.

முனிலட்சுமி எழுந்தாள். "வாயத் தொறக்காதவன் அறிவாளின்னு எப்பிடி சார் தெரியும்? அவன்தான் ஒண்ணும் சொல்லலியே?"

"உன்னை யார் பேசச் சொன்னது?"

"நீங்கதான் சார் கேளுங்கன்னீங்க!"

அவர் தலைப்பாகை ஒரு முழம் எழும்பியது என்று ஊரில் சத்தியம் செய்வார்கள். ஊர்க்காரர்கள் மிகைப்படுத்துவார்கள். ஒரு சாண்தான்.

பெருமாள் சாரின் அறையில் டீச்சரை நிற்க வைத்துப் பேசினார் இன்ஸ்பெக்டர். "ஜோடிப் பேச்சை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நல்லதா எழுதிட்டுப் போறேன்."

"விடமாட்டேன் சார்."

"நிரந்தரம் ஆகாது. வேற ஊருக்குப் போக வேண்டியிருக்கும்."

"அந்த ஊர்லயும் புள்ளைங்க இருக்குமே சார்?"

நிரந்தரம் தள்ளிப்போயிற்று. ராயக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. டீச்சர் தகரப் பெட்டியோடு பஸ் ஏறினார். அவருக்கு முன்னால் அவர் பேர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. புதுத் தலைமையாசிரியர் முன்னெச்சரிக்கையாக பெஞ்சுகளைத் தரையோடு ஆணி அடித்து வைத்திருந்தார். எல்லாம் கரும்பலகையைப் பார்த்தபடி. வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டு வேடிக்கை வேறு பார்த்தார்.

டீச்சர் குனிந்து ஓர் ஆணியைத் தடவிப் பார்த்தார். நல்ல ஆணி. நிமிர்ந்தார்.

"மொத வரிசை, எந்திரிங்க. பின்னால திரும்பி உக்காருங்க."

திரும்பினார்கள்.